மருதி திரும்பிய ஊர்



அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலே 'ஊர்' என்னும் சொல் வழங்கிவந்த வகை சற்று விந்தையானது. பிற இடங்களில் ஒருவர் தாம் பிறந்து வளர்ந்து வாழும் இடத்தையே ஊர் என்பர். இங்கேயோ, முந்திய தலைமுறையைச் சேர்ந்த மூதாட்டி ஒருத்தியிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று வினவினால், முசிறி என்றோ துறையூர் என்றோ புதுக்கோட்டை என்றோ விடை கிடைக்கும். விடை கூறும் மூதாட்டி அவ்வூரைக் கண்ணாற் கண்டிருக்க வேண்டும் என்பதில்லை. அவள் பிறந்தது டயகமவில் ஒரு லயத்துக் காம்பராவாக இருக்கலாம். வாழ்க்கைப்பட்டது மன்றாசிக்கு அப்பால் வேறொரு தோட்டமாக இருக்கலாம். பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததும், கணவனைப் புதைத்ததும் அதே மலைச்சரிவாக இருக்கலாம். ஆயினும் அவை யாவும் 'தோட்டம்'. ஊர் என்பது கடலுக்கு அப்பால் இருந்தது. 'ஊருக்குப் போய் வந்தவர்' என்றால் இந்தியா சென்று மீண்டவர் என்பதே பொருள்.

ஊர் ஓரிடம், வாழ்வு வேறோரிடம் என்னும் இந்நிலையில், ஊருக்குத் திரும்பும் ஒருத்தி அங்கே எதனைத் தேடுவாள்? எதனைக் காண்பாள்? இவ்வினாவைத் தமிழ்ப் புனைகதை மிக முற்பட்டே எழுப்பிவிட்டது. 1935ஆம் ஆண்டு 'மணிக்கொடி' இதழிலே புதுமைப்பித்தன் எழுதிய 'துன்பக்கேணி' என்னும் நெடுங்கதையில் வரும் மருதி என்பாளே அவ்வினாவின் வடிவம். அக்கதை மாந்தரை முன்னிறுத்தி, மலைநாட்டுப் பெண்ணின் வரலாற்றையும், அவளைப் பற்றிய சட்டத்தின் வரலாற்றையும் சிறிது விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

கதையின் போக்கினைச் சுருங்கக் கூறுவோம். திருநெல்வேலிச் சீமையிலே வாசவன்பட்டி என்றொரு சிற்றூர். அங்கே சேரியில் வாழும் வெள்ளையன் என்பவனின் மனைவி மருதி. வெள்ளையன் சிறைக்குப் போகிறான். வயிற்றிலே கருவும், கையிலே வறுமையுமாக நின்ற மருதி, ஆள் திரட்ட வந்தவர்களின் சொல்லை நம்பி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறுகிறாள். தோட்டத்தின் பெயர் கதையிலே 'வாட்டர் பாலம்'. ஆங்கிலத்தில் நீர்வீழ்ச்சி என்று பொருள்படும் சொல், கூலி மக்களின் நாவிலே பாலமாகிவிட்டது. தோட்டங்களுக்கெல்லாம் துரைமார் இட்ட பெயர் ஒன்றும், தொழிலாளர் வழங்கிய பெயர் ஒன்றுமாக இரண்டிரண்டு பெயர்கள் இருந்தமையை மலைநாட்டார் நன்கறிவர். அங்கே மருதி இழக்கத்தக்க யாவற்றையும் இழக்கிறாள். அவளுக்கு ஒரு மகள் பிறக்கிறாள். அவள் பெயர் வெள்ளைச்சி. தந்தையின் பெயரை மகளின் பெயரிலே காப்பாற்றி வைத்திருக்கிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்டுகள் சென்றபின் மருதி வாசவன்பட்டிக்குத் திரும்புகிறாள். வெள்ளையனுக்கோ வேறு மனைவி வாய்த்துவிட்டாள். மருதிக்கு அங்கே இடமில்லை. தன்னைச் சிதைத்த அதே தோட்டத்துக்கே அவள் மீண்டும் போகிறாள்.

கதையைப் படிப்போர் பலரும் தோட்டத்துக் கொடுமைகளையே நினைவிற் கொள்வர். எனக்கோ, அவள் வாசவன்பட்டிக்கு வந்து போகும் பகுதியே கதையின் உயிர்நிலை என்று தோன்றுகிறது. தோட்டத்தைப் பற்றிப் புதுமைப்பித்தன் வரைவது வெளியே நின்று நோக்குபவரின் சித்திரமே. மலைக்காட்டின் குளிரும், பெரட்டுக்களத்தின் கூச்சலும், கொழுந்து நிறுக்கும் வேளையில் எழும் வழக்கும் அதிலே போதிய அளவு இல்லை. ஆனால் திரும்பி வந்தவளுக்கு ஊர் எவ்வாறு இல்லாமற் போகிறது என்பதை அவர் ஐயத்துக்கிடமின்றி உணர்ந்திருக்கிறார். திருநெல்வேலிச் சீமையின் சேரியும் பண்ணையும் அவர் அறிந்த உலகம். அவ்வுலகிலே, சென்றவள் விட்டுப்போன இடம் அவளுக்காகக் காத்திராது என்பதை அவர் அறிவார். வெள்ளையனைக் கொடியவனாக்கிக் கதையை எளிதாக்கிவிடாமையும் அவருடைய நேர்மை.

மருதி ஏன் திரும்பிச் செல்ல இயலாதவள் ஆனாள்? இதற்குத் தனி மனிதரின் குணங்களிலே காரணம் தேடுதல் போதாது. பயிர் மாறியதே முதற் காரணம். இது சிறிது விரித்துக் கூறத்தக்கது.

இலங்கையின் மலைகளிலே முதலில் இருந்தது கோப்பி. 1820களிலே தொடங்கி, 1830களின் பின் பெருகிய கோப்பித் தோட்டங்களுக்கு, அறுவடைக் காலத்திலேதான் ஆட்கள் மிகுதியாக வேண்டியிருந்தனர். ஆகவே தமிழகத்தின் இராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து ஆடவர் பெருந்தொகையினராக வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து, பழம் பறித்து முடிந்ததும் மீண்டும் நடந்து ஊர் திரும்பினர். வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் மாண்டவர் பலர். ஆயினும் உயிரோடு எஞ்சியவனுக்கு ஊர் ஊராகவே இருந்தது. அவன் ஆண்டில் ஒரு பகுதிக்கு மட்டுமே கோப்பிக்காட்டுக் கூலி. எஞ்சிய காலத்துக்குத் தன் கிராமத்து ஆள்.

1869ஆம் ஆண்டிலே கோப்பி இலையில் ஒரு துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி ஏறத்தாழ அழிந்தது. 1867ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்திலே வணிக நோக்கிலே தேயிலையைப் பயிரிட்டிருந்தார். அது கோப்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இரு பயிர்களுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. கோப்பி ஒரு பருவத்திலே பழுப்பது. தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. வாரத்துக்கு ஒருமுறையோ, சிறிது கூடிய இடைவெளியிலோ ஒவ்வொரு செடியிலும் கொழுந்து கிள்ளியாக வேண்டும். தவறினால் இலை முற்றிவிடும். ஆகவே நிலையாகத் தங்கும் ஆட்கள் வேண்டும். கொழுந்து கிள்ளுதல் பெண்களின் வேலையாக்கப்பட்டது. பெண் வந்தால் குடும்பம் வரும், குடும்பம் வந்தால் லயம் எழும், பிள்ளைக்காம்பரா எழும், பிறப்பும் இறப்பும் அங்கேயே நிகழும். கோப்பி ஆடவனை ஊருக்குத் திருப்பி அனுப்பியது. தேயிலை பெண்ணைத் தன்னிடத்தே இருத்திக்கொண்டது.

அக்கரப்பத்தனை அவ்வாறு தேயிலையால் ஆகிய பகுதி. பத்தனை என்பது சிங்களத்திலே மலைப் புல்வெளியைக் குறிக்கும் சொல். தலவாக்கொல்லையிலிருந்து லிந்துலை வழியாக ஏறிச் செல்லும் பாதை, ஹோட்டன் சமவெளியின் அடிவாரம் வரை தேயிலைக்கு நடுவே செல்கிறது. ஆக்ரா ஓயா என்னும் ஆறு அங்கே தோன்றி, கொத்மலை ஓயாவிற் சேர்ந்து, இறுதியிலே மகாவலியாகிறது. நாட்டின் மிகப் பெரிய ஆற்றின் தலைநீரைப் பருகி வாழ்ந்த மக்கள், அந்நாட்டினர் தாமோ என்னும் கேள்விக்கு நெடுங்காலம் விடையின்றி இருந்தனர்.

தோட்டத்து வழக்கிலே இன்னொரு சொல்லும் நம் பொருளுக்கு உதவும். ஒரு நாள் முழுவதும் உழைத்தால் 'ஒரு பேர்'. குறிக்கப்பட்ட அளவு கொழுந்து கூடையிலே சேராவிட்டால் 'அரைப்பேர்'. கணக்கப்பிள்ளை செக்றோலிலே போடும் புள்ளிக்குப் பேர் என்று பெயர். மழை பெய்து, அட்டை கடித்து, கால் வழுக்கி, கொழுந்து குறைந்த நாளில் ஒருத்தி பாதிப் பேரோடு லயத்துக்குத் திரும்புவாள். இச்சொல்வழக்கிற்கு உரை எழுத வேண்டியதில்லை. அதுமட்டுமன்று; 1984ஆம் ஆண்டு வரை, முழுப்பேர் பெற்ற பெண்ணுக்கும் ஆடவனுக்குரிய கூலி கிடைக்கவில்லை. ஒரே மலையிலே, ஒரே நாளிலே, பெண்ணின் பேர் விலை குறைந்ததாகவே இருந்தது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சட்டம் என்றதும் சில நேயர்கள் வானொலிப் பெட்டியின் திருகைத் திருப்ப எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன். இங்கே சட்டத்தின் ஒவ்வொரு சொல்லும் ஒரு லயத்துக் காம்பராவின் கதவைத் தட்டியது.

புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டின் நவம்பர் 15ஆம் நாள் இலங்கையிலே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வழிவழிக் குடிமகன் ஆவதற்கு, அவருடைய தந்தையும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும், தந்தைவழிப் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். தான் இலங்கையிற் பிறந்தது மட்டும் போதாது. தாய் எங்கே பிறந்தாள் என்பது கேள்வியே அன்று. தந்தையின் பிறப்புப் பத்திரம் எங்கே என்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பிறப்புப் பதிவு கட்டாயமாக இருந்ததில்லை. தோட்டத்துப் பதிவேடுகளிலே பெயர்கள் எழுதியவரின் காதுக்கேற்ற வடிவம் பெற்றிருந்தன. மாரியாயி ஓரேட்டிலே மாரியம்மா, மற்றோரேட்டிலே மாரி.

இவ்வாறு விடுபட்டோருக்கென 1949ஆம் ஆண்டிலே மற்றொரு சட்டம் வந்தது. இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் என்பது அதன் பெயர், இலக்கம் 3. 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன்னதாக, மணமானோர் ஏழாண்டும், மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே முறையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்டு வெளியே தங்கியிருந்தால் வாழ்வின் தொடர்ச்சி அறுந்ததாகும். அத்துடன், விண்ணப்பிக்கும் கணவனின் மனைவியும், மணம் நிகழ்ந்து ஓராண்டு நிறைவதற்குள் இலங்கைக்கு வந்து, அன்றுமுதல் இடையறாது வாழ்ந்திருத்தல் வேண்டும்.

இங்கேதான் 'ஊருக்குப் போதல்' என்பது ஒரு குற்றச்சாட்டின் தன்மையைப் பெற்றது. தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது தமிழரிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவ்வாறு சென்றவள், காய்ச்சலாலோ குழந்தையின் நலிவாலோ, கப்பற் செலவுக்குப் பணம் இல்லாமையாலோ, நாட் கடந்து திரும்பினாள் எனக் கொள்வோம். அவளுடைய கணவனின் விண்ணப்பம் அதனால் விழுந்துவிடலாம். தாய்க்கு மணியோர்டரில் அனுப்பிய சில ரூபாய்கூட, 'உனக்கு இந்த நாட்டிலே நிலையாக வாழும் எண்ணம் இல்லை' என்பதற்குச் சான்றாக விசாரணையிலே காட்டப்பட்டதுண்டு. சட்டம் கேட்டது பெண்ணின் உழைப்புக் கணக்கை அன்று. அவள் எத்தனை முறை ஊர் சென்றாள் என்னும் கணக்கை. விண்ணப்பங்களுள் அடங்கியோர் ஏறத்தாழ 8,25,000 பேர். குடியுரிமை பெற்றோரோ ஏறத்தாழ 1,34,000 பேரே.

இச்சட்டங்களை மருதியின் குடும்பத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். கதைமாந்தரைச் சட்டத்தின் முன் நிறுத்துதல் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அது ஒன்றைத் தெளிவாக்கும். மருதி இலங்கையிற் பிறந்தவளல்லள். பல்லாண்டு கொழுந்து கிள்ளியும், இடையே வாசவன்பட்டிக்குப் போய்த் தங்கிய காலம் நீடித்திருந்தால் அவளுடைய தொடர்ச்சி அறுந்தது. வெள்ளைச்சியோ தோட்டத்திற் பிறந்து, தோட்டத்தில் வளர்ந்தவள். வேறோர் ஊரை வாழ்விடமாக அறியாதவள். ஆனால் அவளுடைய தந்தை வெள்ளையன் வாசவன்பட்டிக்காரன். ஆகவே வழிவழிக் குடியுரிமை இல்லை. தாய் மருதி இந்த மண்ணிலே உழைத்ததனைத்தும் சட்டத்தின் தராசிலே எடையற்றது. வெள்ளைச்சிக்கு எஞ்சியது பதிவு விண்ணப்பம் ஒன்றே.

பிறகு 1964 வருகிறது. அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமர் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் திரு. லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். நாடற்றோர் எனக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்று ஏற்பாடாயிற்று. அப்பின்னைய தொகை 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டது. உடன்படிக்கை கைச்சாத்தான அடுத்த இரண்டாம் மாதத்திலே பெரும் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. அதன் பின் தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேசுவரத்துக்கே சென்றது. 'இராமானுஜம்' என்னும் அக்கப்பலின் பெயர் மலைநாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் நினைவில் உள்ளது. மலைகளிலிருந்து புறப்பட்டுத் தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தனர். நிலையந்தோறும், வழியனுப்ப வந்த பெண்கள் இறந்தவரைப் பாடி அழுவதுபோல உயிரோடிருப்பவரைப் பாடி அழுதமையால் அப்பெயர் ஏற்பட்டது. தமக்கை இந்தியக் கடவுச்சீட்டோடும், தங்கை இலங்கைக் குடியுரிமையோடும் தலவாக்கொல்லை நிலையத்திலே பிரிந்திருந்தால் அது அரிதான நிகழ்ச்சி ஆகாது.

ஆவணங்களிலே இச்செலவுக்குத் 'தாயகம் திரும்புதல்' என்று பெயர். சென்றோருள் மிகப் பலர் முன்னொருபோதும் அந்நாட்டில் இருந்திராதவர். இருந்திராத இடத்துக்கு எவ்வாறு திரும்புவது? மருதியாவது வாசவன்பட்டியிலே வாழ்ந்தவள். அவளுக்குத் திரும்புதல் என்னும் சொல் பொருந்தும். வெள்ளைச்சியைக் கப்பலேற்றியிருந்தால், மண்டபம் முகாமிலே, "உன் சொந்த ஊர் யாது?" என்று வினவப்பட்டிருப்பாள். அவள் வாசவன்பட்டி என்று தாயிடம் கேட்ட பெயரையே கூறியிருப்பாள். அங்கே தந்தையின் வீட்டிலே வேறு தாயும் வேறு பிள்ளைகளும் இருந்திருப்பர்.

உண்மையிலே சென்றவர்களுக்கு நேர்ந்ததும் இதனின்று வெகுதூரம் விலகியதன்று. பூர்விகக் கிராமத்தைத் தேடிச் சென்ற குடும்பங்களிற் சிலவற்றுக்கு, பாட்டன் விட்டுப்போன துண்டு நிலம் பங்காளிகளின் கையில் இருந்தது. உழவுத் தொழில் தெரியாது, வெப்பம் ஒவ்வாது, பேச்சிலே 'காம்பரா', 'இஸ்தோப்பு' முதலான சொற்களைக் கேட்டவர் நகைத்தனர். ஆகவே மீண்டும் மலைகளையே நாடினர். தமிழக அரசு இவர்களுக்கென நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களை 1968 முதல் அமைத்தது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களிலே பல்லாயிரம் பேர் குடியமர்ந்தனர். கேரளத்திலே புனலூரிலும், கன்னடத்திலே சுள்ளியாவிலும், அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுள் கச்சாலிலும் இறப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றோரும் உளர். நீலகிரியில் அவர்களுக்கு வழங்கிய பெயர் 'சிலோன்காரர்'. அக்கரப்பத்தனையில் இருந்தவரை 'இந்தியாக்காரர்'. கடலைக் கடந்ததும் பெயர் மறுதலையாயிற்று. பிறரால் இடப்படும் பெயர் என்னும் நிலை மட்டும் மாறவில்லை. முதுமக்கள் அங்கே 'ஊர்' என்று கூறத் தொடங்கியபோது, அது லிந்துலையையும், அக்கரப்பத்தனையையும், அட்டனையும் குறிக்கலாயிற்று.

மலைநாட்டில் எஞ்சியோர் தம்மைப் பற்றித் தாமே எழுதத் தொடங்கியது இக்காலத்திலேதான் வலுப்பெற்றது. வட்டகொடைக்கு அண்மையிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்திலே 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டின் சட்டத்தாலும், அதனைத் தொடர்ந்த வாக்குரிமைத் திருத்தத்தாலும், அவருக்கு வாக்களித்த மக்களே வாக்கற்றவராயினர். அவர் பிற்காலத்தில் எழுதிய நாவல் ஒன்றின் பெயர் 'வீடற்றவன்'. தோட்டத்துப் பெண்களின் தாலாட்டையும், ஒப்பாரியையும், கொழுந்துப் பாட்டையும் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கியவரும் அவரே. 1964இல், உடன்படிக்கை எழுந்த ஆண்டிலேயே, கோகிலம் சுப்பையா அவர்களின் 'தூரத்துப் பச்சை' என்னும் நாவல் வெளிவந்தது. தொலைவிலே பசுமையாகத் தோன்றி, நெருங்கினால் வேறாகும் இடம் என்னும் பொருள் அத்தலைப்பில் உண்டு. ஊரை விட்டுத் தோட்டத்துக்கு வந்தவருக்கு அது தோட்டம். தோட்டத்தை விட்டு ஊருக்குச் சென்றவருக்கு அதுவே ஊர் என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம். தெளிவத்தை ஜோசப் தம் சிறுகதைத் தொகுதிக்கு 'நாமிருக்கும் நாடே' என்று பாரதியாரை நினைவூட்டும் பெயரிட்டார். 1970களின் இறுதியில், கோச்சி இன்னும் ஆட்களை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த காலத்தில், அப்பெயருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது.

இவ்வெழுத்தாளர்களுக்கும் புதுமைப்பித்தனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறாது விடலாகாது. புதுமைப்பித்தனுக்குத் தோட்டம் ஒரு கேணி, விழுந்தவர் எழுவதில்லை. அவருடைய மருதி மீண்டும் தோட்டத்துக்குச் செல்வது, செல்வதற்கு வேறிடம் இல்லாமையாலேயே. மலைநாட்டார் எழுதிய கதைகளிலோ, அதே லயத்துக்கு ஒரு மாரியம்மன் கோயில் உண்டு; மாசியிலே தொடங்கும் காமன் கூத்து உண்டு; இறந்தவர் அடங்கிய தேயிலை மலை உண்டு. காமன் கூத்தைத் தமிழகத்திலிருந்து கொண்டுவந்தவர்கள் அதனைத் தோட்டத்தின் நிகழ்ச்சியாகவே வளர்த்துவிட்டனர். ஒவ்வொரு தோட்டத்துக்கும் தன் காமன் பொட்டல் உண்டு. ஆகவே தோட்டத்துக்கு மீளும் பெண்ணை அவர்கள் வேறு கண்கொண்டு நோக்க முடிந்தது. துன்பத்தை அவர்கள் குறைத்துக் கூறினர் என்பதன்று; துன்பத்தோடு வேறு சிலவும் இருந்தன என்பதே.

சட்டத்தின் பிற்பகுதியையும் சொல்லிவிட வேண்டும். 1983ஆம் ஆண்டின் கலவரத்துக்குப் பின், 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் செல்ல இயலாதோர், விண்ணப்பித்தும் முடிவறியாதோர் எனப் பலர் லயங்களிலேயே தங்கிவிட்டனர். 1988இல் ஒரு சட்டமும், 2003இல் 35ஆம் இலக்கச் சட்டமும் இயற்றப்பட்டன. பின்னைய சட்டத்தால் ஏறத்தாழ 1,68,000 பேர் இலங்கைக் குடியுரிமைக்கு உரியராயினர். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்தவர்களும் அவர்தம் வழியினரும் என்பதே அச்சட்டம் வகுத்த அளவுகோல். உடன்படிக்கை நாளையே அது எல்லைக்கல்லாகக் கொண்டது. அதே 2003ஆம் ஆண்டிலே குடியுரிமைச் சட்டத்துக்கு இன்னொரு திருத்தமும் வந்தது. அதனைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதுமுதல் பிள்ளையின் குடியுரிமை தந்தை வழியே மட்டுமன்றித் தாய் வழியேயும் வரலாம். 1948இல் எடையற்றதாக இருந்த மருதியின் பக்கம் தராசிலே ஏறியது, ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின்.

குடியுரிமை கிடைத்தபின்னும், முகவரி என்னும் சிறு பொருள் நெடுங்காலம் எஞ்சி நின்றது. லயத்துக் காம்பராவுக்குத் தெருப்பெயர் இல்லை. பல இடங்களிலே இலக்கமும் இல்லை. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து உரியவரின் கைக்கு வரும் நாள் வேறு. ஒரே தோட்டத்திலே அதே பெயருடைய பெண்கள் நால்வர் இருந்தால் கடிதம் யாருக்கு என்னும் வழக்கும் எழும். வேலை நேர்முகத்துக்கு அழைப்பு வந்து, நாள் கடந்தபின் அதனைக் கண்ட இளம்பெண்களின் கதைகள் தோட்டந்தோறும் உண்டு. 2018இல் அக்கரப்பத்தனைக்கெனத் தனியே ஒரு பிரதேச சபை இயங்கத் தொடங்கியது. லயத்தை விட்டுத் தனிவீடுகளுக்குக் குடிபெயர்ந்தோர் சிலர் தம் வாயிலிலே இலக்கம் எழுதியிருக்கின்றனர்.

2023ஆம் ஆண்டு, முன்னோர் கோப்பிக்காட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தமையை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. ஜூலை 28ஆம் நாள் தொடங்கி, ஆகஸ்டு 12ஆம் நாள் நிறைவெய்தியது. பழைய கூலிகள் நடந்த திசையிலேயே, கடற்கரையிலிருந்து மலையை நோக்கி, அவர்களின் வழித்தோன்றல்கள் நடந்தனர். வழியெங்கும் அவர்கள் தம்மை 'மலையகத் தமிழர்' என்றே கூறிக்கொண்டனர். நடந்தவர்களிலே பெண்கள் பலர். கொழுந்து கிள்ளும் கைகளும் அவற்றுள் உண்டு. எந்த ஊர் என்று வினவியவர்களுக்கு அவர்கள் தத்தம் தோட்டத்தின் பெயரையே விடையாகக் கூறினால், அது அவர்களின் பாட்டிமார் கூறியிராத விடை.